கொண்டையில் விழுந்த பழி

போடியில் ஏலக்காய் வியாபாரியின் பழைய வீட்டை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். வாசலில் ஒரு பெண் ஏலக்காய்த் தட்டை நீட்டி, "ஒரு கை அள்ளிக்கங்கக்கா, சும்மாதான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் அம்மா இந்த வீட்டில்தான் கூலிக்கு ஏலக்காய் தரம் பிரித்துப் பொறுக்கினாள். வேலை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் இதே வாசலில் கொண்டையை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எட்டு வயதில் லீவுக்கு உடன் போன நான், மணக்கட்டும் என்று, அவளுக்குத் தெரியாமல் கொண்டையில் ஒரு காயைச் செருகிவிட்டேன். உதறியதும் அது விழுந்தது.

"ஏத்தா, எத்தனை நாளா இந்தச் சோலி?" என்று கத்தினார் கணக்குப்பிள்ளை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தான்யா. நாந்தான் வச்சேன்."

அத்தோடு வேலை போயிற்று. வழியில், "யார்ட்டயும் சொல்லிராத" என்றாள். அவள் சாகும்வரை நான் சொல்லவில்லை.