ஒரு பிடிக் கொழுந்தும் என் குறிப்பேடும்

முப்பது வருடங்களுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அவதானிப்பவன் தான் பார்க்கும் உயிர்களுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தீங்கைத்தான் செய்தேன். அதனால் இரண்டு பெண்களுக்குக் கெடுதல் வந்தது. ஒருத்திக்கு வந்தது என் சோம்பலால். மற்றவளுக்கு வந்தது என் மௌனத்தால்.

அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஹட்டனிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் பிறந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, இன்னும் அங்கே இருக்கிறது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். சிங்களப் பெண், கெட்டிக்காரி, என் மகளின் வயது. சொந்தம் இல்லாதவருக்கு ஒருவர் ஏன் உதவுகிறார், அந்த உதவி எப்போது திரும்பி வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதைக் குரங்குகளிடமும் மனிதரிடமும் ஒரே முறையில் அவதானிக்க விரும்பினார். தமிழ் தெரிந்த, தோட்டத்தார் நம்பக்கூடிய ஒருவர் தேவை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே சம்மதித்தேன்.

காலையில் மலை உச்சியில் உள்ள காட்டோரத்தில் குரங்குகள். எது எதற்குப் பேன் பார்க்கிறது, எவ்வளவு நேரம், சண்டை வந்தால் எது எதன் பக்கம் நிற்கிறது என்று எழுதுவேன். மதியமும் மாலையும் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பெண்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம் போய்விடும். ஆகவே தராசுக்கு வரிசையில் நிற்கும்போது, கூடுதலாக எடுத்தவள் தன் சாக்கிலிருந்து ஒரு பிடி, இரண்டு பிடி அள்ளி, குறைவாக இருப்பவளின் சாக்கில் போட்டுவிடுவாள். பேச்சு நிற்காது. முகம்கூடத் திரும்பாது. கணக்கப்பிள்ளை அந்த நேரத்தில் எப்போதும் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருப்பார். என் அம்மாவும் அப்படிப் போட்டவள், வாங்கியவள். ஆய்வாளரிடம் இதைச் சொன்னபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

பெண்களிடம் அனுமதி கேட்டது நான்தான். பெயர் எங்கும் வராது என்றேன். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

"காலையில கொரங்கு, மத்தியானம் நாங்களா சேர்?" என்றாள் ஒருத்தி.

"அதுகளுக்காச்சும் கிழிஞ்ச காது, மொட்டை வாலுன்னு பேரு வச்சிருக்காராம். நமக்கு வெறும் நம்பராம்டி."

"பேன் பாக்கச் சொல்லாம இருந்தாச் சரி!"

சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள். "சேர் சொன்னா சரி" என்று முதலில் சொன்னவள் தோள்பட்டை விழுந்த ஒரு பெண். டிக்கோயா ஆஸ்பத்திரியில் தோளுக்கு ஒப்பரேஷன் செய்தும் அவளால் வலது கையை உயர்த்த முடியவில்லை. இடது கையால் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

ஒவ்வொருத்திக்கும் புதிதாக ஒரு எண் கொடுத்து, அந்தப் பட்டியலை நான் மட்டும் தனியாக வைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் கட்டளை. எனக்கு ஞாபக மறதி தொடங்கியிருந்தது. புதிய எண்களைப் போட்டால் யார் எவர் என்று ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் புரட்ட வேண்டும். செக்ரோலில், அந்த வருகைப் பதிவேட்டில், ஒவ்வொருத்திக்கும் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அதைத்தான் சத்தமாகக் கூப்பிடுவார். காதில் விழும் எண்ணையே குறிப்பேட்டில் எழுதினேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

"புது எண்கள்தானே சேர்?" என்று ஆய்வாளர் ஒரு முறை கேட்டார். ஆம் என்றேன்.

மூன்று மாதம் கழித்து, தோட்ட நிர்வாகம் அனுமதி தந்ததற்கு மரியாதையாக, ஆய்வின் முதல் முடிவைத் தோட்ட ஒபிஸில் காட்ட ஆசைப்பட்டார். நானும் போனேன். சுவரில் பெரிய தாளை ஒட்டினார். வட்டங்கள், வட்டங்களுக்குள் எண்கள், யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்கு அம்புக்குறிகள். ஒரு வட்டத்தை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு அம்புகள் தடிப்பாக வந்து குவிந்திருந்தன. மனிதரின் நல்ல குணத்துக்கு இது சாட்சி என்று அவர் மனம் நிறைந்து விளக்கினார்.

தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரை தாளுக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம் திரும்பி, "இது நம்ம செக்ரோல் நம்பர் இல்லையா?" என்றார்.

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். இல்லை, நான் வாய்க்கு வந்தபடி போட்ட எண்கள் என்று அப்போது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தேவையில்லாத இடத்தில் பொய் சொன்ன எனக்கு, தேவைப்பட்ட இடத்தில் வாய் வரவில்லை. கையில் இருந்த தேநீரைக் குடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை முதல், சாக்கை மலையிலேயே கட்டி எண் அட்டை மாட்டச் சொன்னார்கள். வரிசையில் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். தோள் விழுந்தவளுக்கு அந்த வாரம் நான்கு அரைப்பேர்.

யார் காட்டிக்கொடுத்தது என்ற கேள்வி எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்ததற்குத் தன் தலை உருளுமோ என்று கணக்கப்பிள்ளை பயந்து, ஒபிஸில் நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெண்கள் அவர்களாகவே ஒரு பதிலைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் தோள் விழுந்தவளோடு சண்டை போட்டிருந்த பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி, அந்தக் கட்டளை வருவதற்குச் சில நாள் முன்புதான் மகனின் கடிதம் ஒன்றுக்காக ஒபிஸ் வாசலில் நின்றிருந்தாள். அது போதுமாக இருந்தது. அவளோடு யாரும் பேசவில்லை. தேத்தண்ணி நேரத்தில் அவள் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்தார்கள்.

என் குறிப்பேடு சொன்னது வேறு. சண்டை போட்ட பிறகும், தோள் விழுந்தவளின் சாக்கில் அதிகமாகக் கொழுந்து போட்டவர்களில் அவளும் ஒருத்தி. தோள் விழுந்தவளுக்கே அது தெரியாது. பின்னால் நின்று போடுவாள்.

தோள் விழுந்தவள் என்னிடம் நேராகக் கேட்டாள். "ஒங்களுக்குத் தெரியாம இருக்காது சேர். அவதானே சொன்னா?"

"நான் ஒன்னும் பாக்கலம்மா" என்றேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து லயத்துக்காரியை ஒதுக்கிவைத்ததையும் நான் எழுதினேன். எத்தனை நாள் தனியாக உட்கார்ந்தாள், யார் முதலில் எழுந்து போனார்கள் என்று, குரங்குக் கூட்டத்தில் ஒன்று ஒதுங்கியிருப்பதை எழுதும் அதே கையெழுத்தில். மிக முக்கியமான அவதானிப்பு என்று ஆய்வாளர் பாராட்டினார். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஏழு மாதம் போனது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரைக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் அந்தப் பக்கத்து லயத்துக்காரி நின்றாள். இளைத்திருந்தாள். பக்கத்து வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லி, எண்களைப் பற்றியும் ஒபிஸில் ஒட்டிய தாளைப் பற்றியும் நான் சொன்ன பொய்யைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றேன்.

அவள் துண்டுச் சீட்டை மடித்தாள், விரித்தாள்.

"என்கிட்ட சொல்லி என்னா செய்ய சேர்? நான் சொல்லலைங்கிறது எனக்குத்தான் தெரியுமே. மடுவத்துல போயி சொல்லுங்க."

அன்றிரவு ஆய்வாளருக்கு எல்லாவற்றையும் எழுதி, என் குறிப்பேடுகளில் இருந்து எதையும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: இனி என்னைத் தொடர்பு கொள்ளாதீர்கள். அது நியாயம்.

மறுநாள் மாலை மடுவத்துக்குப் போனேன். நிறுவை முடிந்து பெண்கள் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றபடியே சொன்னேன். வகுப்பில் பேசிய குரல் வரவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், பக்கத்து லயத்துக்காரி தோள் விழுந்தவளுக்குப் பின்னால் நின்று கொழுந்து போட்டதையும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் அவள் பக்கம் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

யாரும் திட்டவில்லை. முன்பு பேன் பற்றிக் கேலி செய்தவள்தான் பேசினாள். "கொரங்குக கிட்டயே இருந்திருக்கலாம் சேர் நீங்க. இனி இங்க வராதீங்க."

தலையாட்டிவிட்டுப் படியில் இறங்கினேன். பின்னால் தோள் விழுந்தவளின் குரல் கேட்டது. "ஏய்... அங்கன என்னா தனியா? தேத்தண்ணி ஆறுது, வா."

அவள் எழுந்து வந்தாளா, பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்கக் கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. ஒரு வருடப் பழக்கம். நான் திரும்பாமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.