அக்காவின் வலது கண்ணில் ஊதா

அக்காவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து மூன்று கிழமை ஆகியிருந்தது. கல்லடி வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒருநாள் காலை சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்தித் திறந்தார்.

“புரை எடுத்த கண்ணுக்குச் சுவர் வெள்ளையா இரிக்கி. மற்றக் கண்ணுக்குத் தேத்தண்ணி ஊத்தின மாதிரி.”

“பழகப் பழகச் சரியாகும்,” என்றேன். அவர் முகம் வாடியது. பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். சோதித்துப் பார்க்காமல் சொல்லிவிட்டேனே என்றிருந்தது.

சப்பாத்துப் பெட்டி ஒன்றின் பக்கத்தில் ஓட்டை வெட்டி, அதில் இரண்டு சவர பிளேட்டுகளை நூலளவு இடைவெளி விட்டு ஒட்டினேன். எதிர்ப்பக்கத்தில் பழைய சீடித் துண்டைச் சாய்த்து வைத்து, அதற்கு மேலே பார்ப்பதற்கு ஒரு துளை போட்டேன். வெளிச்சத்தை நிறநிறமாகப் பிரித்துக் காட்டும் பெட்டி அது.

“சூரியனுக்கு நேர பிடிக்காதிங்க. வானத்தப் பாருங்க.”

அக்கா வாவிப் பக்க யன்னலில் நின்று வலது கண்ணை வைத்தார். “சிவப்பு, பச்சை, நீலம்... அங்கால ஊதா. என்ன அகலம்!” பிறகு இடது கண்ணை வைத்தார். “நீலத்தோட முடியுது புள்ள. ஊதாவக் காணல்ல.”

நான் வாங்கிப் பார்த்தேன். நீலம் மங்கி, அதற்கப்பால் இருட்டு. பெட்டியைத் திருப்பினேன். மற்றக் கண்ணாலும் பார்த்தேன். அதேதான்.

“பெட்டி சரியில்ல போல,” என்றேன்.

அக்கா மீண்டும் வலது கண்ணால் பார்த்தார். “பெட்டி சரியாத்தான் இரிக்கி.”

பெட்டியை யன்னல் கட்டில் வைத்தார். பிறகு அக்காவே சொன்னார்: “அம்மாவும் கடைசியில பட்டப்பகல்ல லைட்டப் போடச் சொல்லுவா.”

நான் அதை மறக்கவில்லை. ‘கண்ணத் திறந்து பாருங்க, வெயில் எரிக்கிது’ என்று ஏசியவள் நான். பிறகு அம்மா கேட்பதையே நிறுத்திவிட்டார். பிடிவாதம் விட்டது என்று நினைத்தேன். கண் காட்டக் கூட்டிப்போக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அந்த இருட்டிலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த கிழமை அக்காதான் என்னைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

“ரெண்டு கண்ணிலயும் புரை முத்தத் தொடங்கிட்டு,” என்றார் டொக்டர். “எப்ப இருந்து மங்கல்?”

“மங்கல் எண்டே எனக்குத் தெரியாது.”

“குடும்பத்தில வேற ஆருக்கும் இருந்ததா?”

நான் அக்காவைப் பார்த்தேன். “எங்கட அம்மாவுக்கு,” என்று அக்கா சொன்னார். “நாங்க பாக்கல்ல.”

டொக்டர் அதையும் எழுதினார். எனக்கும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துத் தந்தார்கள்.