மார்கழியில் கேட்ட வேலை

என் மகள் சமூகப்பணி படித்துவிட்டு வருஷக்கணக்கில் வீட்டில் இருந்தாள். செங்கல்பட்டு, மதுராந்தகம், செய்யூர் என்று எங்கே போய்க் கேட்டாலும், "பட்டணத்துக்குப் போம்மா, இங்க அதுக்கெல்லாம் ஏது வேலை" என்று அனுப்பிவிட்டார்கள். பட்டணத்தில் தங்கினால் சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடும்.

"ஊருக்கு சேவை செய்றதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்? கம்ப்யூட்டர் படிச்சிருந்தா சிறுசேரில பெருசு பெருசா கட்டிக்கினு கீறானே, அங்க போயிருக்கலாம்" என்பார் அவள் அப்பா.

"நீ போயி அங்க வாட்ச்மேனா உக்காரு நைனா" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். தபால்காரர் தெருவில் திரும்பினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். விருந்தாளி வந்தாலே கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். யாரிடமும் போய், என் பொண்ணுக்கு ஒரு வேலை பாருங்கள் என்று கேட்க வாய் வராது. சாமியிடம்தான் கேட்க வரும். அந்த மார்கழியில் தினமும் விடியற்காலை தெருக்கோடி அம்மன் கோயிலில் போய் நின்றேன். தூரத்தில் வேண்டாம் தாயே, பக்கத்திலேயே கொடு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த மாசம்தான் கடல் உள்ளே வந்தது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். அலை எங்களைத் தொடவில்லை. தை பிறந்ததும் மகாபலிபுரத்தைச் சுற்றி, வாடகை வீடுகளிலெல்லாம் நிவாரண ஆபீஸ் போர்டு தொங்கியது. வெளியூர்க்காரர்கள் ஜீப்பில் வந்து, சமூகப்பணி படித்தவர்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். கூடப் படித்த பெண் போன் செய்தாள். மறுநாளே என் மகள் வேலையில் இருந்தாள். குப்பங்களில், ஆள் போன வீடுகளுக்குப் போய், உட்கார்ந்து பேச வேண்டும். சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் கேட்டது கேட்டபடியே வந்திருந்தது.

"நேந்துக்கினா செஞ்சுடணும்மா" என்றாள் மகள்.

தை வெள்ளியில் கோயில் முன்னால் செங்கல் கூட்டிப் பொங்கல் வைத்தேன். பால் பொங்கி வழிந்தபோது குலவை போட எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா வந்தாள். அலைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறாள். அவள் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். கூடையில் பழைய கருவாடு. கடல் மீனை அப்போது யாரும் வாங்கவில்லை. கூடையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இன்னா விசேசம்க்கா?"

"பொண்ணுக்கு வேலை கெடச்சிச்சு."

"அட! எங்க?"

"ஒங்க பக்கந்தான்." கரண்டியை எடுத்துப் பொங்கலைக் கிளறினேன்.

அவளே யோசித்தாள். "பச்சைத் துப்பட்டா போட்டுக்கினு ஒல்லியா ஒரு பொண்ணு வருதே, அதுவா? எங்கூட்ல வந்து உக்காந்துகினு, இன்னா பேசறதுன்னே தெரியாம என் கையப் புடிச்சிக்கினே இருந்துச்சு. நல்ல பொண்ணுக்கா. நல்லாருக்கட்டும். எனக்கும் ஒரு வாய் குடு."

தொன்னையில் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே தின்றாள். "வெல்லம் சரியா கீது" என்றாள். அவள் தின்று முடிக்கிற வரைக்கும் நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷத்தில், குப்பங்களில் புது வீடுகள் கட்டி முடித்ததும் போர்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. மகள் மறுபடியும் வீட்டில். விண்ணப்பம் போடாத இடமில்லை. ஒருநாள், முன்னே வேலைக்குப் போன் செய்த அந்தக் கூட்டாளிப் பெண்ணிடம் போனில் பேசினாள்: "எங்கனா பெரிய புயல் அடிச்சாதான்டி நம்மள கூப்புடுவானுங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். அரிசி களைந்துகொண்டிருந்த என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்னார்கள். மகள் சமையற்கட்டிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து சத்தத்தைக் கூட்டினாள்.

"நம்ம பக்கமா வருது?" என்றார் அவள் அப்பா.

"இன்னும் தெரியல நைனா."

அவள் முகத்தைப் பார்த்தேன். தபால்காரருக்காகக் காத்திருந்தபோது இருந்த முகம். பயமாக இருந்தது. விளக்கேற்றலாம் என்று போய்ச் சாமி படத்தின் முன்னால் கும்பிட்டேன். வழக்கம்போல, என் பொண்ணுக்கு என்று மனசு தொடங்கியது. சட்டென்று கையைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.