சுவரில் இருந்த கரி

வேலைக்காலம் முழுவதும் விளம்பரக் கம்பனிகளில் இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, வசதியில்லாதவர்களுக்குக் கண் சத்திரசிகிச்சை செய்விக்கும் சிறிய சங்கமொன்றில் வெள்ளவத்தையில் சேர்ந்தேன். நன்கொடை கேட்கும்போது சங்கத்தார் சிகிச்சை பெற்றவர்களின் தொகையை மட்டுமே போடுவார்கள். "தொகையைப் பார்த்து ஆரும் இரங்கமாட்டினம். ஒரு ஆளின்ர கதையைச் சொல்லுங்கோ" என்று கூட்டத்தில் சொன்னேன். எழுதும் பொறுப்பும் எனக்கே வந்தது.

கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வயது போனால் கண்ணில் வரும் வெண்படலம்தான், சங்கத்தின் உதவியால் அதை வெட்டி எடுத்திருந்தார்கள். கண் தெரிந்ததும் முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"குசினிச் சுவரைத்தான், சேர். ஒரே கரி. ஐயோ, இதுக்குள்ளயோ இவ்வளவு நாளும் சமைச்சனான் எண்டு வெக்கமாப் போச்சு. அண்டைக்கே தேய்க்கத் தொடங்கிட்டன்."

இது யாரையும் அழவைக்காது என்று நினைத்தேன். ஆகவே, அவருடைய தாயிடமிருந்து அவருக்கு வந்த பரம்பரைக் குருட்டுத்தன்மை என்றும், பல வருடங்களுக்குப் பிறகு அவர் தன் மகளின் முகத்தைக் கண்டார் என்றும் எழுதி, சங்கத்தின் பேஸ்புக்கில் போட்டேன். பெயர் போடவில்லை. ஆனால் தேவாலயத்துக்குப் பின்னால் அவர் வீடு இருக்கும் ஒழுங்கை, இடியப்பம், ஒரே மகள் எல்லாவற்றையும் போட்டிருந்தேன். கதை நன்றாக ஓடியது. பாராட்டுகளை நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

சில வாரங்களில் அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், என்ர அம்மா சாகுமட்டும் ஊசிக்கு நூல் கோத்தவ. அவவைக் குருடியாக்கிப் போட்டியளே! பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின்ர தாய் உந்தக் கதையை வாசிச்சிட்டு, பரம்பரை வியாதியோ எண்டு தரகரிட்டக் கேட்டவவாம். இப்ப ஒரு சத்தமும் இல்லை."

பிறகு குரல் தணிந்தது. "பிள்ளைக்கு அந்தப் பெடியனைப் பிடிச்சிருக்கு, சேர்."

அந்தப் பதிவை அழித்தேன். அழித்தால் வியாதியை மறைத்ததாகத்தான் நினைப்பார்கள் என்று உடனே உறைத்தது. அன்று பின்னேரமே, அந்த அம்மாவிடம் விலாசம் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவர்களும் வெள்ளவத்தையில், கடல்பக்கத்து மாடி வீடொன்றில் இருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய் கதவைத் திறந்து, உள்ளே வந்து இருக்கச் சொன்னார். இருக்காமலே சொன்னேன்: "பேஸ்புக்கில இடியப்ப அம்மாவின்ர கதையை எழுதினவன் நான். அதில பரம்பரைக் குருடு எண்டது பொய். நான் கட்டினது. அவவுக்கு வந்தது வயசு போனா வாற வெண்படலம் மட்டும்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாசிச்சிட்டு நான் அழுதனான், அண்ணை. அந்தக் கண்ணீரைத் திருப்பித் தாங்கோ."

அந்தப் பதிவை அழித்துவிட்டேன் என்றேன்.

"சம்பந்தத்துக்காக இப்பவும் கதை கட்டுறியளோ எண்டு நான் எப்பிடி அறியிறது? சரி, அவ உண்மையில என்னதான் சொன்னவ?"

சுவரில் இருந்த கரியைச் சொன்னேன். வெட்கப்பட்டு அன்றைக்கே தேய்க்கத் தொடங்கியதையும் சொன்னேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, போன வருஷம் என்ர கண்ணில வெண்படலம் வெட்டினாப் பிறகு நான் முதலில என்ன செய்தனான்?"

"ஃபான் இறக்கைகளைக் கழட்டித் துடைக்கச் சொல்லி என்னை ஏணியில ஏத்தினனீர்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"கேட்டியளே, அண்ணை? இது கட்டின கதை இல்லை. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

அப்போதுதான் இருந்தேன். தேநீரோடு வரும்போதே தரகருடன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார். தொலைபேசி வந்ததிலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போலிருந்தது. அந்தத் தேநீரில் சீனி அதிகம். முழுவதையும் குடித்தேன்.

மறுநாள் உண்மைக் கதையை எழுதிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முன்பு எழுதியது என் கற்பனை என்று மேலேயே குறிப்பிட்டிருந்தேன். இம்முறை போடுவதற்கு முன் வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பது கேட்டது.

"சரி, போடுங்கோ சேர். ஆனா ஞாயிற்றுக்கிழமை அவையள் வருகினம். இப்ப சுவர் வெள்ளையா இருக்கு எண்டும் எழுதுங்கோ."

சுவரைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. எழுதினேன்.