கழற்றி வைத்த கண்ணாடி

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால், கம்பளியில் சுற்றிய ஒரு வேன் ஜன்னல் கண்ணாடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் கதவைத் தள்ளும்போதெல்லாம் "பார்த்து, பார்த்து" என்று பதறுவதே என் வேலையாகிவிட்டது. அதை அங்கே வைத்தவர் என் மாமனார். அவர் போய் இரண்டு வருடமாகிறது.

மாமாவுக்கு மலைநாட்டில், ஹட்டன் பஜாரில் துணிக்கடை. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஊரையே உடுத்தி அனுப்பிய மனிதர், தான் மட்டும் எங்கும் போனதில்லை. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஒரே ஓர் அக்கா. கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். முதலில் யுத்தம், பிறகு கடை என்று பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் போகலாம் என்றபோது அத்தைக்கு முதுகில் ஆபரேஷன். இனி உட்கார்ந்தபடி தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கோ கண் மங்கிவிட்டது. போனில் அவரோடு பேசி முடித்ததும் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மாமா, கட்டில் வைத்த வேன் ஒன்றைத் தேட ஆரம்பித்தார்.

வெள்ளைக்காரப் பயணிகள் குடும்பம் குடும்பமாகச் சுற்றிய பழைய வேன் ஒன்று நுவரெலியாவில் விலைக்கு வந்தது. கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவ ஒரு குட்டித் தொட்டி எல்லாம் இருந்தன. மாமா நானுஓயா ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே உட்கார்ந்து, கதவை மூடச் சொல்லி ஓர் ஊதுபத்தி கொளுத்தினார். சாமி கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். புகை அசையாமல் நேரே மேலே போவதைக் காட்டி, "பாத்தியாம்மா, ஒரு பொட்டுக் காத்து உள்ள வரல" என்றார். குளிரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதைவிட நல்ல வண்டி ஏது? ஏசி வேலை செய்யாது என்று விற்றவர் நேர்மையாகத்தான் சொன்னார். ஹட்டன்காரர்களுக்கு ஏசி எதற்கு என்று எல்லோருமாகச் சிரித்தோம்.

கோயில் வாசலில் வேன் சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்பட்டோம். கண்டி வரை சுகமாகத்தான் இருந்தது. தம்புள்ளையைத் தாண்டியதும் வெயில் தன் வேலையைக் காட்டியது. திறக்கக்கூடியவை முன்பக்க ஜன்னல்கள் மட்டும்தான். அந்தக் காற்றையும் நடுவிலிருந்த அலமாரி மறித்துக்கொண்டது. பின்னால் கட்டிலில் அத்தை வேர்வையில் தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்கக் கிடந்தார். திரும்பிவிடலாம் என்றார் வேனை ஓட்டிய என் கணவர். அத்தை கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "அக்காவ பாக்காம நான் வர மாட்டேன்" என்றார்.

மாமா வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ரோட்டோர டயர் கடையில் சிங்களத்தில் கேட்டு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்தார். கட்டிலை ஒட்டியிருந்த ஜன்னலின் ரப்பரை நெம்பி, தான் அவ்வளவு மெச்சிய கண்ணாடியை முழுதாகக் கழற்றினார். கிளிநொச்சி வரை அதை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். குளிருக்கென்று நாங்கள் அள்ளிப்போட்டு வந்த கம்பளிகளில், அதைச் சுற்றிய ஒன்றுதான் உபயோகப்பட்டது.

அத்தையின் அக்காவை நாங்கள் பெரியம்மா என்போம்; அவர் வீட்டு முற்றத்தில் வேன் நின்றது. நாங்கள் கதவைத் திறப்பதற்குள் பெரியம்மா வேனைத் தடவிக்கொண்டே வந்து, கண்ணாடியில்லாத அந்த ஜன்னலுக்குள் கையை விட்டார். அவர் விரல்கள் அத்தையின் நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் மெல்லப் போயின. "மெலிஞ்சிட்டியேடி" என்றார். அத்தை அந்தக் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. கதவைத் திறக்கப் போன மாமா, திறக்காமல் அப்பால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன்.

ஊர் திரும்பியதும் கடையிலிருந்து தடித்த துணி கொண்டுவந்து அந்த ஜன்னலுக்குத் திரை தைத்தார் மாமா. கண்ணாடியை எப்போது மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தபடியே, "இன்னொரு தடவ போவணும்லம்மா" என்றார்.

அவருக்குத்தான் அது வாய்க்கவில்லை. நாங்கள் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் கிளிநொச்சிக்குக் கிளம்பிவிடுகிறோம். போன வாரம் பெய்த மழையில் திரையையும் தாண்டித் தண்ணீர் வந்து மெத்தை நனைந்துவிட்டது. இனியாவது கண்ணாடியை மாட்டிவிடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். அவர் படுத்தபடியே கதவுப்பக்கம் பார்த்தார்.

"இன்னொரு தடவ போவணும்ல" என்றார்.

நான் எழுந்து போய், நழுவிக் கிடந்த கம்பளியைக் கண்ணாடியின் மேல் இழுத்துவிட்டு வந்தேன்.