ஒரே போன் நம்பரில் அண்ணனும் தம்பியும்

சிறுசேரி ஆபீசில் சாஃப்ட்வேர் மெயின்டனன்ஸ் டீமுக்கு என்னை மாற்றிய முதல் நாளே மேனேஜர் சுதாகர் சொன்னார்: “நாலு பேர் கை மாறின கோடு, செல்வி. ஏதோ ஓடிக்கிட்டிருக்கு. ரொம்ப நோண்டாதீங்க.”

அது ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் புக்கிங் சாஃப்ட்வேர். இரண்டாவது வாரமே புகார். ஒரு நோயாளியின் பெயர் பட்டியலிலிருந்து தானாகக் காணாமல் போகிறது. சாஃப்ட்வேர் செய்வதெல்லாம் பதிவாகும் லாகில் ஒரு எரர்கூட இல்லை. மருத்துவமனை பக்கத்தில்தான் என்பதால் நேரிலேயே போனேன்.

பெயர் காணாமல் போன நோயாளி, முட்டுக்காடு ஏழுமலை, கால் வீங்கி ரிசப்ஷன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“இன்னா மேடம், ரெண்டாவது வாட்டி என் பேர் இல்லன்றாங்க. எங்கண்ணன் பேர் மட்டும் கீது. இன்னிக்கும் மெஷின்ல போடலன்னா மூச்சு வுட முடியாது.”

நர்ஸ் அவரை அவசரமாக உள்ளே அழைத்துப் போவதற்குள் போன் நம்பரைக் கேட்டேன்.

“எம் பொண்ணு நம்பர்தான். அண்ணனுக்கும் அதான்.”

ஆபீசுக்கு வந்து கோடில் தேடினேன். ஒரே நாளில் ஒரே நம்பரில் இரண்டு புக்கிங் இருந்தால், இரண்டாவதை அழித்துவிடும் வரி அகப்பட்டது. அதுவரை வேறு வேறு நாட்களில் வந்த அண்ணன் தம்பி, ஒரே ஆட்டோவில் வரலாமென்று அந்த மாதம்தான் ஒரே நாளுக்கு மாறியிருந்தார்கள்.

“ஒருத்தரை வேற நம்பர் குடுக்கச் சொல்லிடுங்க, முடிஞ்சுது,” என்றார் சுதாகர்.

“அவங்க வீட்ல இருக்கறதே ஒரு போன் சார். தப்பு நம்ம கோடுல. நான் சரி பண்றேன்.”

அந்த வரியை எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். தேடிப் பிடித்துப் பேசினேன். “ரிசப்ஷன்ல பட்டனை ரெண்டு தடவை அழுத்திடறாங்கன்னு கம்ப்ளெய்ன்ட் வந்துதுங்க. அதுக்குத்தான் போட்டேன்.” நல்லவேளை, வரியை அப்படியே தூக்கிவிடவில்லை. போன் நம்பருக்குப் பதில், ஆளுக்கு ஒன்றாக உள்ள நோயாளி ஐடியை ஒப்பிட வைத்து, இரண்டு சிக்கலையும் சேர்த்து டெஸ்ட் செய்தேன். அடுத்த வாரம் பட்டியலில் இரண்டு பெயரும் இருந்தன.

அதோடு விட மனமில்லை. இதேபோல் தவறாக அழிந்த புக்கிங்குகளைத் தேடினேன். இன்னும் ஆறு பேர். நர்ஸ் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். படூர் அம்மா ஒருவர் சொன்னாராம்: “நான்தான் நாள் தப்பி வந்துட்டேன்னு நெனச்சு திரும்பிட்டேம்மா.”

பிறர் எழுதிய கோடைத் தொடுமுன் அது ஏன் எழுதப்பட்டது என்று கேளுங்கள். சரிசெய்த பிறகு, புகார் கொடுக்காதவர்களையும் தேடுங்கள். அந்த ஆறு பேரில் ஒருவர்கூட நம்மைக் குறை சொல்லவில்லை. தங்களையே சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.