திரையில் வராத வலது கை

என் அத்தா மன்னார்குடியில் நெல் வியாபாரி. மூட்டையின் வாயில் தெரிகிற நெல்லைப் பார்த்து அவர் ஒருநாளும் விலை சொன்னதில்லை. குத்தூசியை மூட்டையின் நடுவயிற்றில் சொருகி, உள்ளேயிருந்து வருவதைக் கையில் கொட்டி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். அவர் மகள் நான். யாராவது சிரித்த முகத்தோடு ஒன்றைச் சொன்னால், நடுவில் ஈரம் இருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். கட்டிக்கொண்டவரிடம் மட்டும் அந்தப் புத்தி மாறிவிடுமா என்ன?

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு கம்பெனியின் குடோனில் சரக்குக் கணக்குப் பார்க்கிறார். அங்கே போனில் முகம் பார்த்துப் பேச முடியாது, லேப்டாப்பில்தான் ஏதோ ஒரு வழியில் முடியும் என்றார். ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய லேப்டாப் ஒன்று அவருக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை லீவு நாள் என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவார். நானும் மகளும் தலைவாரி, பளிச்சென்று உட்கார்ந்திருப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் இடது கையால் டீ குடித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகள் மறதியாக இடது கையால் முறுக்கை எடுத்தால்கூட முறைக்கிற மனிதர் அவர். அன்றிலிருந்து பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டுக் கையைத்தான் பார்த்தேன். தலையைச் சொறிவது இடது கை, கண்ணாடியைச் சரிசெய்வது இடது கை. வலது கை திரையில் வரவே இல்லை. முழங்கையோடு எங்கேயோ போய் மறைந்துவிடும்.

இது போதாதென்று, பேச்சு பாதியில் அறுந்துபோகத் தொடங்கியது. அதுவும் எப்போது? ஊர்க்கதை, மழை, சம்பா நடவு என்று பேசினால் ஒரு மணி நேரம் ஓடும். "புள்ளைக்கு முன்பல்லு விழுந்துருச்சு, உங்ககிட்ட காட்டணும்னு வச்சிருக்கா" என்றேன், திரை கறுத்தது. "எப்ப வருவீங்க மச்சான்?" என்றேன், கறுத்தது. அத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததைச் சொன்னபோதும் அதே கதி. திரும்பக் கூப்பிடக் கால் மணி நேரம் ஆகும். கேட்டால், "சார்ஜர் பின் லூசும்மா" என்பார்.

நம்ப நான் என்ன முட்டாளா? நடவு பற்றிப் பேசும்போது லூசாகாத பின், குடும்பத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் லூசாகுமா? நான் என் அக்காவிடம் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை.

"ஒரு கை வெளிய தெரியலன்னா, அதை யாரோ புடிச்சுக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம்டி. கேமராவுக்கு அந்தப் பக்கம் எவ உட்காந்திருக்காளோ!"

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவருக்குப் பின்னாலிருந்த சுவரில் நிழல் ஏதாவது ஆடுகிறதா என்றும் பார்க்க ஆரம்பித்தேன்.

விடுமுறைக்கு வந்தவர் லேப்டாப்பையும் கொண்டுவந்தார். திரும்பிப் போனால் இன்னும் இரண்டு வருஷம். அதற்குள் எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். அதில் ஒரு போட்டோ, ஒரு பெயர், எது சிக்கினாலும் மகளைக் கூட்டிக்கொண்டு அத்தா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை. துணிமணியை ஒரு பையில் திணித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பியதும் லேப்டாப்பை எடுத்துக் கட்டிலில் வைத்துத் திறந்தேன்.

அதில் பேட்டரி என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. சார்ஜரைச் செருகினேன். வலது பக்க விளிம்பில் ஓட்டை. விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. உள்ளே ஓட்டையே விழப்போகிற பல் மாதிரி ஆடியது. ஆட்டி, அசைத்து, கடைசியில் பின்னைக் கட்டைவிரலால் மேலேயிருந்து அழுத்தி, ஆள்காட்டி விரலால் கீழேயிருந்து தூக்கிப் பிடித்தால் மட்டும் உயிர் வந்தது. விட்டால் போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டு இஸ்திரிப் பெட்டியில்கூட ஒயர் வெளியே வருகிற இடத்தில் தடித்த ரப்பர் வைத்திருக்கிறான். இங்கே அத்தனை ஒயரின் கனத்தையும் ஒரு குச்சி தாங்க வேண்டுமாம். அதையும் மவுஸ் பிடிக்கிற கை தினமும் இடிக்கிற பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறான். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ!

வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையால் துருவினேன். குடோன் கணக்கு, விசா நகல், மகளின் போட்டோக்கள். வேறு எதுவும் இல்லை. எதையோ அழுத்தப்போய் கேமரா திறந்துகொண்டது.

திரையில் நான் இருந்தேன். முகம், தோள், இடது கை. வலது கை இல்லை.

ஐயோ என்று வாயைப் பொத்தினேன். திரை கறுத்தது.

"கையை எடுத்தா அணைஞ்சிரும்" என்று குரல் கேட்டது. தொழுகை முடிந்து வந்தவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "கீழேருந்து கொஞ்சம் தூக்கிப் புடிக்கணும்."

"எப்பவும் இதைப் புடிச்சுக்கிட்டேதான் பேசுனீங்களா?"

"பின்ன? லூசுன்னு சொன்னேன்ல."

"டீ குடிக்கிறப்பக்கூடவா?"

"வலது கையில எடுத்தா நீ போயிடுவியே."

ஆனாலும் அத்தாவின் குத்தூசி சும்மா இருக்குமா? அணைந்தது என்றால் கையை எடுத்தார் என்றுதானே அர்த்தம்?

"அப்ப புள்ளைக்குப் பல்லு விழுந்ததைச் சொன்னப்ப ஏன் கையை எடுத்தீங்க? எப்ப வருவீங்கன்னு கேட்டப்ப?"

அவர் சுவரைப் பார்த்தார். "மூக்கு அரிச்சுச்சு."

"ரெண்டு தடவையுமா?"

"ஆமா."

"மூக்கைச் சொறிய ஒரு கை போதாதா? இடது கை சும்மாதானே இருந்துச்சு?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். எனக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்த முறை எதுவும் அறுந்துபோகவில்லை, முழுவதையும் பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து துருத்திக்கொண்டிருந்த பையை, அவர் கையை எடுப்பதற்குள், காலால் உள்ளே தள்ளிவிட்டேன்.